பல்லி சொன்ன நோய்

காட்டோடைக் கரையில் இடிந்த கல்மண்டபம் ஒன்று இருந்தது. அதன் படிக்கட்டுக்கு அடியில் செவலை என்ற கீரி, மூன்று குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தாள். மேலே உத்தரத்தில் ஒரு பல்லி குடியிருந்தது.

ஒரு நாள் காலையில் செவலைக்கு இடது விலாவில் சுருக்கென்று வலித்தது. புரண்டு படுத்தாள். எழுந்து நின்று பார்த்தாள். வலி போகவில்லை.

"நெஞ்சுக்குள்ள ஏதும் கட்டியா இருக்குமோ?" என்றாள் தனக்குத்தானே.

"ச்சு... ச்சு... ச்சு" என்றது பல்லி.

அவ்வளவுதான், கட்டியேதான் என்று செவலைக்கு உறுதியாகிவிட்டது. பல்லி சொன்னால் பலிக்கும் என்பது அவள் பிறந்த வளையில் எல்லோருக்கும் நம்பிக்கை. தரையை மூன்று முறை தட்டிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டாள். கீரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று ஊரே சொல்கிறது. அந்தக் கீரியோ பல்லியின் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

செய்தி கேட்டுச் செம்போத்து வந்தது. நலம் விசாரிக்க வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. நோயாளியின் முகத்தைப் பார்த்தவுடன் அவர்களுக்குச் செத்துப்போன சொந்தக்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்.

"எங்க வலிக்குது, தங்கச்சி?"

"விலாவுல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் வருது, அண்ணே."

"அடடா, என் சகலைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. திங்கக்கிழமை விலாவுல வலின்னான். வெள்ளிக்கிழமை ஆள் இல்ல."

"ச்சு... ச்சு" என்றது பல்லி.

செம்போத்து தன் கடமை முடிந்தது என்று பறந்துபோனது. அந்தச் சகலை வேடனின் கண்ணியில் மாட்டிச் செத்தான் என்பதை அது சொல்லவே இல்லை. அதன் அலகை நாரால் கட்டிப்போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் செவலை உடும்பு வைத்தியரை வரவழைத்தாள். அவர் நாடி பிடித்தால் உடும்புப் பிடிதான். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"எலும்பு முறியல. வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல. எதனால வலிக்குதுன்னு எனக்கும் தெரியல. எத்தனையோ வலி காரணம் சொல்லாமலே வந்துட்டுப் போயிடும். வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆள் அனுப்பு. இல்லேன்னா எழுந்து உன் வேலையைப் பாரும்மா. ஐப்பசி பொறந்தாச்சு, குட்டிகளை மேட்டுக்கு மாத்த வேண்டாமா?"

செவலை உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். பல்லி வாயே திறக்கவில்லை. "நல்ல சேதின்னா பல்லி சொல்லியிருக்குமே. இவர் எதையோ மறைக்கிறார்" என்று முடிவு கட்டிவிட்டாள்.

வருடா வருடம் ஐப்பசியில் ஓடை பெருகிப் படிக்கட்டு வரை ஏறும். அதற்குள் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, மேட்டில் இருக்கும் பழைய கறையான் புற்றுக்குக் குடிபோவது அவள் வழக்கம். இந்த வருடம் அசையவில்லை. நடந்தால் கட்டி உடைந்துவிடுமாம். ஓடினால் நெஞ்சு நின்றுவிடுமாம். நாளுக்கு நூறு தடவை விலாவை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கி அமுக்கியே அந்த இடம் கன்றிப்போனது. வேட்டைக்குப் போகாததால் பால் வற்றியது. குட்டிகள் வெறும் முலையைச் சப்பிவிட்டு அழுதன.

"அம்மா போய்ச் சேர்ந்துடுவேன் போல இருக்குடா" என்று அந்தப் பச்சைப் பிள்ளைகளிடமே சொன்னாள். சொல்லலாமா அதை?

வைத்தியர் வந்துபோன மூன்றாம் நாள் மலையில் மழை பிடித்தது. மதியத்துக்குள் ஓடை கலங்கி, செம்மண் நிறத்தில் கடைசிப் படியைத் தொட்டது.

"வலி கூடுதே, என் உயிர் போகப் போகுதே" என்று செவலை முனகினாள்.

"ச்சு... ச்சு... ச்சு" என்ற பல்லி, அவள் மறுபடியும் தரையைத் தட்டுவதைக் கண்டது. அதற்கு மேல் அதற்குப் பொறுக்கவில்லை. பாதித் தூண் வரை இறங்கி வந்தது.

"ஏம்மா, நான் உன்கிட்டயா பேசினேன்? எதிர்த் தூண்ல ஒருத்தன் இருக்கான். என் எடத்துக்குள்ள வராதேன்னு அவனை வெரட்டிக்கிட்டு இருக்கேன். எங்க சண்டையை நாங்க போடுறோம். உங்க பயத்தையெல்லாம் எதுக்கு எங்க வாயில கொண்டுவந்து திணிக்கிறீங்க?"

செவலை திகைத்துப்போனாள். "அப்போ வைத்தியர் பேசினப்ப மட்டும் ஏன் சும்மா இருந்தே?"

"அவர் பல்லி திங்கிறவரும்மா! அவர் இங்க இருக்கும்போது நான் மூச்சு விடுவேனா?"

செவலைக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை.

"நம்பிக்கை இல்லையா? எதையாவது பொய் சொல்லிப் பாரு."

"நான்... நான் ஒரு யானை."

எதிர்த் தூணில் ஒரு தலை நீண்டது. "ச்சு... ச்சு... ச்சு" என்றது பல்லி. "கேட்டுக்கிட்டியா? யானையம்மா, தண்ணி வந்துடுச்சு. குட்டியைத் தூக்கு."

தண்ணீர் வளைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. செவலை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடினாள். விலா வலித்தது. ஆனால் கால் ஓடியது, மூச்சும் வந்தது. கட்டி எதுவும் உடையவில்லை. இரண்டாவதையும் கொண்டுபோய்ப் புற்றில் விட்டாள். மூன்றாவதற்கு வந்தபோது வளை முழுவதும் தண்ணீர். தலையை உள்ளே விட்டுத் துழாவினாள். வால் தட்டுப்பட்டது. இழுத்து வெளியே போட்டாள். குட்டி அசையவில்லை. நக்கினாள், புரட்டினாள், மறுபடி நக்கினாள். வெகுநேரம் கழித்து அது தண்ணீரைக் கக்கிவிட்டுத் தும்மியது.

"பசிக்குதும்மா" என்றது.

செவலைக்குத் தன் மேலேயே கோபம் பொங்கியது. வராத சாவுக்குப் பயந்து, பெற்ற பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தோமே என்று கூசிப்போனாள். அதைப் புற்றில் சேர்த்துவிட்டு, "வலிக்கிறதுன்னா வலிச்சிக்கோ" என்று விலாவிடம் சொன்னாள். மழையோடு மழையாக நண்டு பிடிக்கக் கிளம்பினாள். அந்த வலி பத்து நாளில் போனதா, இருபது நாளில் போனதா என்று அவளுக்கே நினைவில்லை.

வலி வந்தால் அறிந்தவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்க்க வேண்டும். பயத்துக்குச் சாட்சி தேடிக் கிளம்பினால், காட்டில் உள்ள எல்லாமே வந்து சாட்சி சொல்லும்.