தாமரைத்துறைக்கு ஒரு காவல்

நடுவே ஆறு ஓடுகிற காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. ஆறு என்றால் பெரிய ஆறு இல்லை. ஆனால் அந்த வருஷக் கோடையில் குட்டைகள் எல்லாம் வற்றிப்போய், குடிக்கத் தண்ணீர் என்றால் அந்த ஆறு ஒன்றுதான்.

ஆற்றில் தண்ணீர் குடிக்க அங்கங்கே துறைகள் உண்டு. நாணல்துறை, பாறைத்துறை, மருதந்துறை என்று பெயர். ஒரு துறையில் குடிக்கிற பிராணி இன்னொரு துறைக்குப் போகாது. அப்படி ஒரு பழக்கம்.

துறைகளில் சிறுத்தை பதுங்கும். அதனால் காட்டுச் சபை, இந்தத் துறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செந்நாயைக் காவலாக நிறுத்தியிருந்தது. சிறுத்தை வாடை அடித்தால் செந்நாய் சீழ்க்கை அடிக்க வேண்டும். அதற்குக் கூலியாக ஆற்று மீன். ஒரே ஒரு விதி: தண்ணீர் குடிக்க வந்தவர் மேல் காவலரின் பல் படக்கூடாது.

ஒருநாள் மருதந்துறைக்குப் புதிய காவல் வந்தது. செவலை என்று பெயர். கழுத்தில் கொன்றைப்பூ மாலை. கூடவே காவல் தலைவனான கிழட்டுச் செந்நாய்.

"இவனைப் போல ஒரு காவலன் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!" என்றான் காவல் தலைவன்.

எல்லாப் பிராணிகளும் சந்தோஷமாகத் தலையாட்டின. ஒரு முயல் மட்டும் ஆட்டவில்லை. அந்த முயலுக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். புல் அசைந்தால் காற்றா, வேறு ஏதாவதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயை வைக்கும்.

"இவ்வளவு நல்ல காவலனை, முன்பு இருந்த துறைக்காரர்கள் ஏன் விட்டார்கள்?" என்று பக்கத்திலிருந்த முள்ளம்பன்றியிடம் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டியா? மாலை போட்டு வந்திருக்கிறார். வாயை மூடு."

"மாலையில் பூ வாடவே இல்லையே, அண்ணே. இப்போதுதான் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வரவேற்பு மாலையா, வழியனுப்பும் மாலையா?"

"உனக்கு மாலையிலும் சந்தேகமா!" என்று முள்ளம்பன்றி சிரித்தது. "உன் நிழல் உன் பின்னாலேயே வருகிறதே, அதையும் கேள், ஏன் வருகிறது என்று."

முயல் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வளையில் குட்டிகள் இருந்தன. பால் குடி மறக்கிற பருவம். இன்னும் கொஞ்ச நாளில் அவற்றைத் துறைக்குக் கூட்டி வந்தாக வேண்டும்.

இரண்டு நாள் போயிருக்கும். முயல் துறைக்கு வந்தது.

"ஏய், நில்!" என்றான் செவலை. "என்னைத் தாண்டிப் போகிறாய், தலை குனிய வேண்டாமா?"

"தண்ணீரிடம் குனியத்தானே போகிறேன், ஐயா."

அவ்வளவுதான் சொன்னது. செவலை பாய்ந்து அதன் காதைக் கவ்வி இழுத்தான். பாதிக் காது கிழிந்து தொங்கியது. தண்ணீர் குடிக்காமலே முயல் ஓடி வந்தது.

சபையில் முறையிட்டது. சபைத் தலைவர் கரடி. எந்தச் சண்டையும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நினைக்கிற பெரியவர். உறுப்பினர்கள் இருவர். ஒன்று மயில், காட்டுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது, அதுதான் அதன் கவலை. இன்னொன்று காட்டுப்பன்றி, அதற்குச் சாப்பாட்டுக் கவலை.

"விசாரித்துச் சொல்கிறோம், முயலம்மா," என்றது கரடி.

"யார் விசாரிப்பார்கள், தலைவரே?"

"காவலர் மேல் புகார் என்றால் காவல் தலைவன்தான் விசாரிப்பான். அதுதானே முறை."

காவல் தலைவன் மருதந்துறைக்குப் போனான். செவலையோடு உட்கார்ந்து மீன் தின்றான். திரும்பி வந்து முயலிடம் சொன்னான்: "விசாரித்தாகிவிட்டது. முள் கிழித்திருக்கிறது."

"அங்கே முள்செடியே கிடையாதே!"

"இருந்தது. இப்போது இல்லை. சபை கூடுகிறபோது வந்து கேட்டுக்கொள்."

முயல் வளைக்கு வந்தது. குட்டிகள் தாகம் தாகம் என்று சுற்றி வந்தன. விடியும் முன் புல்லில் இருந்த பனியை நக்கச் சொல்லி அவற்றைச் சமாதானப்படுத்தியது. கோடைப் பனி எத்தனை நாளைக்குப் போதும்?

யோசித்து யோசித்துப் பார்த்து, முயல் ஒரு காரியம் செய்தது. எந்தப் பிராணியும் செய்யாத காரியம். அடுத்த துறைக்குப் போயிற்று.

நாணல்துறையில் ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. வால் பாதிதான் இருந்தது.

"அக்கா, வாலுக்கு என்ன ஆயிற்று?"

மந்தி முதலில் சுற்றுமுற்றும் பார்த்தது. "நீ யார்? யார் உன்னைக் கேட்கச் சொன்னது?"

முயல் தன் காதைத் திருப்பிக் காட்டியது.

மந்தி குரலைத் தாழ்த்தியது. "செவலையா? அடப்பாவமே. என் வால் மரத்திலிருந்து விழுந்ததில் அறுந்தது என்று சொல்லிவிட்டார்கள். மந்தி மரத்திலிருந்து விழுமாம்! கேட்டதுண்டா? அப்புறம் ஒரு வழியாக அவனைத் துறை மாற்றினார்கள்."

"மாலை போட்டது யார்?"

மந்தி தலையைச் சொறிந்தது. "நாங்கள்தான். போனால் போதும் என்றிருந்தது. நல்லபடியாகச் சொல்லி அனுப்பினால்தானே வேறு துறைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய், சொல்லு!"

முயல் பாறைத்துறைக்கும் போயிற்று. அங்கே ஒரு கடமான் நொண்டி நொண்டி நடந்தது.

"பாறை வழுக்கிவிட்டதாம்," என்றது கடமான். "அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். பல் பதிந்த இடம் இதோ. பாறைக்குப் பல் உண்டா, தங்கச்சி? எங்களிடமிருந்துதான் நாணல்துறைக்குப் போனான். நாங்களும் மாலை போட்டோம்."

திரும்பி வருகிற வழியெல்லாம் முயலுக்கு ஒரே எண்ணம். 'நானும் அவனைத் துறை மாற்றக் கேட்டால் மாற்றிவிடுவார்கள். என் குட்டிகள் தண்ணீர் குடிக்கும். வேறு யாருடைய குட்டியோ கடிபடும். அப்புறம் சுற்றிச் சுற்றி ஒருநாள் மருதந்துறைக்கே வருவான். அப்போது நான் போட்ட மாலையோடு வருவான்.'

சபை கூடியது. மந்தியும் கடமானும் வந்து கடைசியில் உட்கார்ந்தன. செவலையும் காவல் தலைவனும் முன்வரிசையில்.

முதலில் பலாமர வழக்கு. கீழே விழுந்த பழம் யாருக்கு என்று காட்டுப்பன்றி வெகுநேரம் பேசியது. அப்புறம் கிளிகளின் கூச்சல் வழக்கு. மயில், கிளிகளுக்குக் குரல் வளம் போதாது என்று சொல்ல, கிளிகள் மயிலின் குரலைப் பற்றி ஏதோ சொல்ல, அதுவும் நீண்டது. எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில்தான் முயலின் முறை வந்தது.

"முள் கிழித்த விவகாரம்தானே?" என்றது கரடி கொட்டாவி விட்டபடி. "முயலம்மா, உங்கள் மனத் திருப்திக்காகச் செவலையைத் துறை மாற்றிவிடுகிறோம். மருதந்துறைக் காற்று அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. சரிதானே? கூட்டம் முடிந்தது."

"மிகவும் சந்தோஷம், தலைவரே," என்றது முயல் மெதுவாக. "ஒரே ஒரு சந்தேகம். கேட்கலாமா?"

"உனக்கா சந்தேகம்? அதிசயம்தான்!" என்று முள்ளம்பன்றி முனக, நாலு பேர் சிரித்தார்கள்.

"செவலை நல்ல காவலர்தானே?"

"அதில் என்ன சந்தேகம்?" என்றான் காவல் தலைவன். "எங்கள் கூட்டத்திலேயே முதல்வன்."

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மயிலாரே?"

"நம் காவலர்களைப் பற்றி அடுத்த காட்டிலேயே புகழ்ந்து பேசுகிறார்கள். தெரியுமா உனக்கு?" என்றது மயில், கழுத்தை நிமிர்த்தி.

காட்டுப்பன்றி பலாக்கொட்டையை மென்றுகொண்டே, "நல்லவன், நல்லவன்," என்றது.

"தலைவரே, நீங்கள்?"

"தங்கமான பிள்ளை. துறைதான் சரியில்லை," என்றது கரடி.

முயல் தலை குனிந்தது. "அப்படியென்றால் என் மனசு குளிர்ந்தது. இப்படிப்பட்டவரை எங்களைப் போன்ற சின்னப் பிராணிகள் துறையிலேயே வைத்திருப்பது நியாயமில்லை. தாமரைத்துறையில் காவலே இல்லை. சிறுத்தை வந்தால் என்ன ஆவது? இவரை அங்கே நிறுத்துங்கள்."

கரடியும் மயிலும் காட்டுப்பன்றியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன.

தாமரைத்துறை எது என்று சொல்லவில்லையே நான். சபை உறுப்பினர்களும் அவர்கள் வீட்டுக் குஞ்சு குட்டிகளும் மட்டும் புழங்குகிற துறை அது.

மயில்தான் முதலில் பேசியது. "அங்கே... அங்கே நிற்க இடம் போதாது."

"அவர் ஓர் ஓரமாக நிற்பார், மயிலாரே. உங்கள் குஞ்சுகள் பக்கத்திலேயே."

மயிலின் தோகை தானாகச் சுருங்கியது.

"சேறு அதிகம்," என்றது காட்டுப்பன்றி. மெல்லுவதை நிறுத்திவிட்டது. "காவலருக்குக் கால் வழுக்கும். பாவம்."

"பாறைத்துறையில் வழுக்கியது கடமானுக்குத்தானே? காவலருக்கு ஒன்றும் ஆகவில்லையே," என்றது முயல்.

பின்னால் கடமான் எழுந்து நின்றது. மந்தியும் எழுந்து நின்றது. பாதி வாலை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக்கொண்டது.

செவலை இளித்தான். "எனக்குச் சம்மதம். எந்தத் துறையானால் என்ன? தலைவர் வீட்டுக் குட்டியை நானே பார்த்துக்கொள்கிறேன்."

"வேண்டாம்!" என்று கத்தியது கரடி. "என் குட்டி விளையாட்டுப் பிள்ளை. யாரைப் பார்த்தும் தலை குனியத் தெரியாது அதற்கு. இவன் முன்னால் ஒரு துள்ளு துள்ளினால் கடித்துவிடுவானே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று கரடிக்குத் தெரிந்தது. பெரிய கையால் வாயைப் பொத்திக்கொண்டது. வார்த்தை வெளியே வந்துவிட்டது, பிள்ளைகளே. இனிப் பொத்தி என்ன?

"தலைவர் ஏதோ களைப்பில்..." என்று ஆரம்பித்தான் காவல் தலைவன்.

"களைப்பு இல்லை," என்றது முயல். "தலைவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. உங்கள் குட்டியைக் கடிப்பான் என்று தெரிகிறது. என் காதைக் கிழித்தது மட்டும் முள்ளா, தலைவரே?"

யாரும் சிரிக்கவில்லை. முள்ளம்பன்றிகூடச் சிரிக்கவில்லை.

கரடி வாயைப் பொத்திய கையை எடுத்தது. பிறகு எழுந்தது. "செவலைக்கு இனி எந்தத் துறையும் கிடையாது. மீனும் கிடையாது. காவல் வேலையிலிருந்து நீக்கியாகிவிட்டது. காவலர் மேல் புகார் வந்தால் இனிக் காவல் தலைவன் விசாரிக்க வேண்டாம். மற்றத் துறைப் பிராணிகள் வந்து விசாரிக்கட்டும். ஒரு துறையில் நடந்தது எல்லாத் துறைக்கும் தெரியட்டும்."

செவலை உறுமினான். ஆனால் கடமான் கொம்பைத் தாழ்த்தி ஓரடி முன்னால் வைத்தது. மற்றப் பிராணிகளும் அதன் பக்கம் வந்து நின்றன. செவலை மலையைத் தாண்டிப் போனான். மாலை ஒருவரும் போடவில்லை.

"சபை சொன்னால் சரி," என்றான் காவல் தலைவன். அவன் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதே முயலுக்குப் பிடிக்கவில்லை. அவன் போகிற திசையைக் கவனித்து வைத்துக்கொண்டது.

மறுநாள் காலை முயல் குட்டிகளோடு மருதந்துறைக்கு வந்தது. புதிய காவலாக ஒரு பெண் செந்நாய் நின்றிருந்தது.

"பயமாக இருந்தால் நான் அந்தப் புதருக்குப் பின்னால் போய் நிற்கட்டுமா, அக்கா?"

"வேண்டாம் தாயி. எனக்குத் தெரிகிற இடத்திலேயே நில்லு."

குட்டிகள் தண்ணீரில் முகத்தை விட்டு, தும்மி, மறுபடியும் விட்டன. முதன்முதலாக ஆற்றுத் தண்ணீர். முயல் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, காவலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"இன்னும் என்மேல் சந்தேகமா?" என்று கேட்டது செந்நாய்.

"குட்டிகள் குடித்து முடிக்கட்டும்," என்றது முயல். "சொல்கிறேன்."

நீதி: தன் பிள்ளை பக்கத்தில் நிறுத்தத் துணியாத காவலனை ஊரார் பிள்ளைகள் பக்கம் அனுப்பி வைப்பது தண்டனை ஆகாது.