ஆடாத கார்

திண்டிவனத்தில் தனக்கோடி என்று ஒரு ரைஸ்மில் முதலாளி இருந்தாராம். காருக்குப் புது டயர் மாட்டிய அன்று, "வீல் பேலன்ஸும் பார்த்துடலாம் முதலாளி, இல்லேன்னா வேகத்துல வண்டி ஆடும்" என்றான் டிரைவர் சூசை.

"புது டயருக்கு எதுக்குடா பேலன்ஸு? எடு வண்டியை!"

வேகம் எண்பதைத் தொட்டதும் கார் கிடுகிடுவென்று ஆடியது.

சென்னையில் தங்கிப் படித்த அவர் மகள் மறுநாள் அங்கிருந்தே வெளிநாடு போகிறாள். வழியனுப்பக் கிளம்பும்போதே, "இன்னைக்கு வண்டி ஆடுச்சுன்னா உனக்கு வேலை கிடையாது" என்றார்.

"ஆடாது முதலாளி, நிம்மதியா உக்காருங்க" என்று சூசை எழுபதிலேயே ஓட்டினான். கார் ஆடவே இல்லை.

"பாத்தியா? ஒரு அதட்டு போட்டேன், வண்டியே பயந்துடுச்சு!" வழியில் டீக்கடையில் நிறுத்தி, அந்தப் பெருமையை நாலு பேரிடம் அளந்துவிட்டுத்தான் ஏறினார்.

விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது மகள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

"ஏண்டா இவ்வளவு லேட்டு?"

"எண்பதைத் தொட்டா ஆடும் முதலாளி. அதான் தொடலை."

இதைக் கேட்டிருந்தால் மில்லே கைகொட்டிச் சிரித்திருக்கும். சூசைக்குச் சிரிப்பு வரவில்லை; அந்தப் பெண்ணைத் தினமும் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தவன் அவன். முதலாளியும் திட்டவில்லை. மகளுக்கென்று கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார்.

கார் நின்றுகொண்டுதான் இருந்தது. பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.