எல்லைக் கல்லில் ஏறிய கரடி

கருங்காலிக் காட்டின் நடுவே ஒரு பொது மைதானம் இருந்தது. சித்திரை பிறந்தால் அங்கே ஓட்டப்பந்தயம். நிழல் காலடியில் சுருங்கும் உச்சி வேளையில்தான் ஓட வேண்டும் என்பது முன்னோர் வைத்த முறை.

அப்போதெல்லாம் கோடை மழை தவறாது. மைதானத்தில் அறுகம்புல் மெத்தென்று கிடக்கும். இப்போதோ வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போனது. மழை பொய்த்தது, புல் கருகியது, தரை தோசைக்கல்லாய்க் காய்ந்தது. போன ஆண்டு ஒரு முயலின் மகள் தும்பை பாதி வழியிலேயே சுருண்டு விழுந்தது. பிழைத்ததே பெரிது. இந்த ஆண்டும் ஓடுவேன் என்று அது ஒற்றைக் காலில் நின்றது.

மைதானத் தலைவர் கரடி, நாவல் மர நிழலில் கால் நீட்டிப் படுத்திருந்தது. தாய் முயல் அதனிடம் போனது.

"தலைவரே, பந்தயத்தை விடியற்காலையில் வையுங்களேன்! குட்டிகள் தாங்காது!"

"முறையை மாற்றுவதா? நடக்காது! நாங்களெல்லாம் இந்த வெயிலில் ஓடி வளர்ந்தவர்கள்தான்!"

"அது வேறு வெயில், தலைவரே!"

"வெயிலில் என்ன பழையது, புதியது? போ, போ!"

முயல் வாதாடவில்லை. சுவரில் முட்டிக்கொண்டால் யார் தலை வீங்கும்? நேரே பச்சோந்தியைத் தேடிப் போய்ப் பேசி வைத்தது.

பந்தய நாளன்று கூட்டத்தின் நடுவே முயல் எழுந்தது. "தலைவரே, கடைசி ஆள் வந்து சேரும்வரை தலைவர் எல்லைக் கல்மேல் நிற்பதும் பழைய முறைதானே?"

கரடி அதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? "ஆமாம்! இதோ நிற்கிறேன்!" என்று கல்மேல் ஏறியது.

"பெரியவர்கள் ஓட்டம் முதலில்! பச்சோந்தி அண்ணன் ஓடுகிறார்!" என்றது முயல்.

பச்சோந்தி புறப்பட்டது. ஒரு காலைத் தூக்கும். வைக்கலாமா, வேண்டாமா என்று நாலு முறை ஆடிப் பார்க்கும். அப்புறம்தான் வைக்கும்.

கரடி கால் மாற்றி மாற்றி நின்றது. கரிய மயிருக்குள் உடம்பு வெந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

"சீக்கிரம் வாப்பா!"

"வந்துகொண்டேதான் இருக்கிறேன், தலைவரே! வெயில் என்றால் எனக்குக் கொண்டாட்டம்!"

பச்சோந்தி பத்தடி தாண்டவில்லை. "ஐயோ, கால்!" என்று கரடி கீழே குதித்தது. தரை கல்லைவிட மோசம்! துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடியது. யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"நிறுத்துங்கள்!" என்று அங்கிருந்தே கத்தியது. "பந்தயம் நாளைக் காலையில்! இனி எப்போதும் விடியற்காலையில்தான்!"

மறுநாள் விடியலில் தும்பை ஓடியது. மூன்றாவதாகத்தான் வந்தது. ஆனால் தன் காலாலேயே வீட்டுக்கு நடந்து போனது.

வெயில் மாறிய பிறகும் பழைய முறையே போதும் என்பவர், நிழலை விட்டு ஒருமுறை வெளியே வந்து நிற்க வேண்டும்.