அரியநாச்சி என்று ஒரு கல்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. எலிக்கும் பெருச்சாளிக்கும் இருந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்கள்தான் அப்போது கொஞ்சம் குறைவாகப் பேசினார்கள். வேலை அதிகம் என்பதால் இருக்கலாம்.

வடக்கே ஒரு பெரிய ஆறு மலையை விட்டு இறங்குகிற இடத்தில் வைரக்குழிக்காரர்கள் குடியிருந்தார்கள். ஆண்கள் குழிக்குள் இறங்கிச் சரளை மண்ணை வெட்டுவார்கள். பெண்கள் அதைக் கூடையில் சுமந்து மேலே கொண்டுவந்து, ஆற்றுத் தண்ணீர் விட்டு மண்ணைக் கரைத்து, மிஞ்சிய சரளையைக் களத்தில் காயப்போடுவார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எல்லாரும் குந்தியிருந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டுவார்கள். நூறு கூடைக்கு ஒரு வைரம் கிடைக்கும். மிளகு அளவு, மிஞ்சிப்போனால் துவரை அளவு. அதுவும் ராசா வீட்டுக்குப் போய்விடும்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. குழிக்குள் இறங்கிவிட்டால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'ஏ கூடை', 'ஏ கடப்பாரை' என்று கையில் இருப்பதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மாமியாரையே 'ஏ கூடை' என்று கூப்பிட முடிந்ததால் மருமகள்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டில் வருத்தமே கிடையாது. காரணம் கேட்டால், மண்ணுக்குக் காது உண்டு, காதில் விழுந்த பெயரை அது எடுத்துக்கொள்ளும் என்பார்கள். அப்படி யாருக்கு நேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் அதிகம் பயந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி காத்தாயி. புருஷன் சடையன். முதல் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதாக ஒரு பெண் பிறந்து, எப்படியோ தங்கிவிட்டாள். அருமையாக வந்தவள் என்று அரியநாச்சி எனப் பெயர் வைத்தார்கள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

கூப்பிட்டால் முகத்தை மட்டும் திருப்புகிற பிள்ளை இல்லை அவள். கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டு, முழு உடம்போடு திரும்பி, ஓடி வந்து நிற்பாள்.

"என்ன ஆத்தா?"

"ஒண்ணுமில்ல. போ."

அந்தத் திரும்புதலைப் பார்க்கவே காத்தாயி ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிடுவாள். மூன்றைப் பறிகொடுத்தவளுக்கு அது போதாதுதான். ஆனாலும் அதில்தான் அவள் உயிர் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ராசா ஒரு புதுக் கிரீடம் செய்துகொண்டார். நெற்றிக்கு நேராக எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு குழி விடச் சொன்னார். ஊரார் கல்லைக் கண்ட பிறகு நகை செய்வார்கள். ராசாக்கள் குழியைச் செய்துவிட்டுக் கல்லைத் தேடச் சொல்வார்கள். அத்தனை பெரிய வைரத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. குழிக்காரர்கள் ஒளித்துவைக்கிறார்கள் என்று ராசா முடிவு கட்டினார். ஆண்களை எல்லாம் கோட்டைக் கொட்டடியில் அடைத்தார். கல் வரும்வரை அமாவாசைக்கு ஒரு தலை என்று உத்தரவு போட்டார்.

முதல் அமாவாசைக்கு ஒருவன் போனான். இரண்டாம் அமாவாசைக்கு ஒருவன் போனான். பெண்களே குழிக்குள் இறங்கி வெட்டினார்கள். அடுப்புகளில் பூனை தூங்கியது. மூன்றாம் அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது ராசாவின் கங்காணி வந்து களத்தில் நின்று, "இந்தத் தடவ சடையன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் மற்றவர்கள் கஞ்சி குடிக்க மேலே போயிருந்தார்கள். காத்தாயி மட்டும் அடியில் நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டு மண் பொலபொலவென்று உதிர்ந்து, ஒரு பெருச்சாளி தலையை நீட்டியது.

"தாயி, நீ வெட்டுற எடம் தப்பு," என்றது.

"எது சரியான எடம்?"

"நீ நிக்கிற எடத்துக்கு நேர் கீழ. ஏழு ஆள் ஆழம். எலுமிச்சங்காய விடப் பெருசு. எங்க வளைக்குக் குறுக்க கெடக்கு. எங்க பாட்டன் காலத்துலருந்து அதச் சுத்திக்கிட்டுத்தான் போறோம் வர்றோம்."

"ஏழு ஆள் ஆழம் வெட்டவே ஏழு மாசம் ஆகுமே. எனக்குப் பத்து நாள்தான் இருக்கு."

"வெட்ட வேணாம். அதுவே ஏறி வரும். ஆனா ஒண்ணு கேக்குது."

"என்ன கேக்குது?"

"பேரு."

காத்தாயி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் காதை வைத்தாள். மண்ணுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மலைக்கு மூத்த கல்லுக்குக் கிழட்டுக் குரல் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பசித்த பிள்ளையின் குரலாக இருந்தது.

"மேல ஒருத்தி கூப்புடுறா. ஒருத்தி ஓடி வர்றா. தெனமும் கேக்குறேன். என்னய யாரும் கூப்புட்டதே இல்ல. அந்தப் பேர எனக்குக் குடு, நான் வந்துடுறேன்."

"அது எம் மவ பேரு. உனக்கு வேற நல்ல பேரா வைக்கிறேன்."

"புதுசா வச்ச பேரு வேணாம். கூப்புட்டுத் திரும்பிப் பாத்த பேருதான் வேணும்."

"அப்ப எம் பேர எடுத்துக்க."

"உன்னக் கூப்புட இப்ப யாரு இருக்கா? கூப்புட்டவன் கொட்டடியில கெடக்கான்."

காத்தாயி எழுந்து கடப்பாரையை எடுத்தாள். எட்டு நாள் பேய் மாதிரி வெட்டினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து பிடியில் ஒட்டியது. சரளையில் மிளகு அளவுக்குக் கூட ஒரு கல் வரவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் காலையில் கங்காணி மறுபடி வந்தான். அவன் கெட்டவனும் இல்லை, நல்லவனும் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிறவன். "வாய்க்கரிசிக்கு ஒரு புடி அரிசி எடுத்து வச்சுக்க காத்தாயி. போன தடவ அந்த வீட்டுக்காரி அரிசி கெடைக்காம அலைஞ்சா," என்றான்.

அவள் குழிக்குள் இறங்கினாள். பெருச்சாளி அங்கேயே காத்துக்கொண்டிருந்தது.

"பேரு போனா புள்ளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"எங்களுக்குப் பேரே கெடையாது தாயி. எல்லாரும் பெருச்சாளிதான். நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

அதில் பொய் இல்லை. காத்தாயி நின்று யோசித்தாள். பெயர்தானே. சோறு இல்லை, கண் இல்லை, உயிர் இல்லை, வெறும் பெயர். நாளைக்கே பவளாயி என்று மாற்றி வைத்துவிடலாம். பவளாயியும் நல்ல பெயர்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊரில் சொல்வார்கள். புருஷன் தலை கத்திக்கு அடியில் இருக்கிறபோது ஆழம் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது காதில் மூன்று தடவை சொல்வது வழக்கம். காத்தாயி குப்புறப் படுத்து, வாயை மண்ணில் வைத்து, தலைமுறை தலைமுறையாக யாரும் செய்யாததைச் செய்தாள். குழிக்குள் பெயர் சொன்னாள்.

"அரியநாச்சி. அரியநாச்சி. அரியநாச்சி."

மண் புடைத்துக்கொண்டு பிளந்தது. கல் மேலே வந்து அவள் கைக்குப் பக்கத்தில் நின்றது. தண்ணீரைக் கையில் அள்ளி அப்படியே கெட்டியாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவள் அதை முந்தானையில் சுருட்டிக்கொண்டு ஏறினாள்.

களத்தில் அரியநாச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்து சரளை புரட்டிக்கொண்டிருந்தாள். "உங்கய்யா பொழச்சாரு" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது காத்தாயிக்கு. பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அரியநாச்சி."

முந்தானைக்குள் கல் திரும்பியது. பிள்ளை திரும்பவில்லை.

காத்தாயி கல்லைக் கங்காணியிடம் கொடுத்தாள். சடையனும் மற்றவர்களும் அன்று பொழுது சாய்வதற்குள் வீடு வந்துவிட்டார்கள். ஊரே கட்டிப்பிடித்து அழுதது. காத்தாயி மட்டும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாக, "பவளாயி" என்றாள். பிள்ளை திரும்பவில்லை. "குட்டி" என்றாள். "ஏ புள்ள" என்றாள். கையைத் தட்டினாள். ஒன்றுக்கும் திரும்பவில்லை. காது கேட்காமல் இல்லை. தூரத்தில் காக்கை கரைந்தால் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே போய் நின்றால் சிரித்தாள், ஆத்தா என்றாள், கஞ்சி கேட்டாள். பின்னாலிருந்து மனிதக் குரல் கூப்பிட்டால் மட்டும், அது தனக்கு இல்லை என்பதுபோல இருந்தாள்.

மறுநாள் காத்தாயி குழியோரம் போய்ப் பெருச்சாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர மட்டும் குடுத்தேன்னு நெனச்சியா தாயி?" என்றது அது. "திரும்புறதயும் சேத்துல்ல குடுத்த. கல்லு கேட்டதே அதத்தான்."

"நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். எங்க இனத்துல எவனும் எவனையும் கூப்புடுறதில்ல."

காத்தாயி சடையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகு நேரம் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "என் தலை போயிருக்கலாம்டி," என்றான் கடைசியில். அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

அதன் பிறகு அவள் பிள்ளையைக் கண்ணுக்கு எதிரேயே வைத்துக்கொண்டாள். வேலை செய்யும்போது முந்தானை நுனியைப் பிள்ளையின் இடுப்பில் முடிந்துவைத்தாள்.

கோட்டையிலோ கொண்டாட்டம். கல்லுக்குப் பெயர் உண்டு, கூப்பிட்டால் திரும்பும் என்று ஊரில் காதில் விழுந்ததைக் கங்காணி போய்ச் சொல்லியிருந்தான். ராசா சபையில் உட்கார்ந்து, "அரியநாச்சி" என்று கூப்பிடுவார். கல் அவர் பக்கம் திரும்பிப் பளிச்சென்று மின்னும். மந்திரிமார் கைதட்டுவார்கள். நாலு நாளில் ராசாவுக்கு அது சலித்துவிட்டது. இதற்கு ஒரு ஜோடி வேண்டும் என்றார்.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்திருந்தது. குழிச்சுவர் ஊறிக் கிடந்தது. ஈரச்சுவர் காயும்வரை யாரும் இறங்க மாட்டார்கள். ஆனால் உத்தரவு காயும்வரை காத்திருக்கவில்லை. சடையனோடு பதினாலு பேர் அடியில் நின்று வெட்டினார்கள்.

உச்சி வெயிலில் காத்தாயி மேலே களத்தில் குடத்தைத் தூக்கிச் சரளைக்குத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. நனைந்துவிடுவாள் என்று பிள்ளையின் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு குடம் ஊற்றுகிற நேரம். அய்யாவின் கஞ்சிக் கலயம் ஓரத்தில் இருப்பதைப் பார்த்த பிள்ளை, அதைத் தூக்கிக்கொண்டு தானாகவே குழிக்குள் இறங்கிவிட்டாள். சொல்லாமலே வேலை செய்கிற பிள்ளை.

மூன்றாவது குடத்தோடு நிமிர்ந்தபோது காத்தாயி பார்த்தாள். தெற்குச் சுவரின் தலையில் ஒரு வெடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் அடியில் பிள்ளை, முதுகு இவள் பக்கம், கஞ்சி சிந்திவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் கலயத்தைப் பார்த்துப் பார்த்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள். சடையன் எதிர்ச்சுவரோரம் குனிந்திருந்தான்.

காத்தாயி குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள். குழியின் கட்டுப்பாடு, கல், பவளாயி, எதுவும் நினைவில் இல்லை. பெற்றவள் வாயில் என்ன வருமோ அது வந்தது.

"அரியநாச்சி!"

பதினாலு பேரும் திரும்பினார்கள். வெடிப்பைப் பார்த்தார்கள். கடப்பாரைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சடையன் மட்டும் பிள்ளையை நோக்கி ஓடினான். இரண்டு பேர் அவனை மடக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு கூப்பாட்டில் குழியில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். பிள்ளை மட்டும் திரும்பவில்லை. கலயத்தின் மூடியைச் சரிசெய்தாள். சுவர் இறங்கியது.

இரண்டு நாள் தோண்டினார்கள். யாரும் சொல்லாமலே பெருச்சாளிகளும் வந்து தோண்டின.

சுவர் இறங்கிய அதே மத்தியானம் கோட்டையில் ராசா சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தலையிலிருந்த கிரீடம் யாரும் தொடாமல் ஆற்றுப் பக்கமாகச் சுழன்றதாம். காவலாளிகள் சொன்னார்கள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து காத்தாயி குழிக்குப் போகவில்லை. கோட்டை வாசலுக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்து, "அரியநாச்சி" என்று கூப்பிடுவாள். "இப்ப திரும்புச்சா?" என்று காவலாளியைக் கேட்பாள். அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "திரும்புச்சு ஆத்தா" என்பான். அவள் தலையாட்டிக்கொள்வாள். அவள் மகளைக் கூப்பிட்டால் திரும்புவதற்கு உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லை. கல்லை எடுத்து நொறுக்க வேண்டும் என்று சில நாள் நினைப்பாள். நொறுக்கிவிட்டால் அதுவும் இல்லாமல் போகும் என்று மறுநாள் அழுவாள். ராசாவின் கிரீடம் கோணலாகவே இருந்தது. அவர் அவளைத் துரத்தச் சொன்னார். துரத்திய இடத்திலிருந்தும் கூப்பிட்டாள்.

வழிப்போக்கர்கள் அந்தப் பெயரைக் கேட்டுப் போனார்கள். பெயர் நாடு நாடாகப் பரவியது. காத்தாயி வாசலிலேயே செத்துப்போன வருஷம், வேறொரு ராசா படையோடு வந்து கோட்டைக்கு வெளியே நின்று, "அரியநாச்சி" என்று கூப்பிட்டார். கல் அவரோடு போய்விட்டது. அவரிடமிருந்து அவர் தம்பி கூப்பிட்டான். தம்பியைக் கொன்றுவிட்டு இன்னொருவன் கூப்பிட்டான். பின்னாளில் மண்ணிலிருந்து ஏறிவந்த பெரிய கற்களெல்லாம் அதைப் பார்த்துத் தங்களுக்கும் பெயர் கேட்டன. கொடுக்கவும் ஆள் இருந்தார்கள்.

அன்று முதல்தான் மிளகு அளவு வைரத்துக்குப் பெயர் இல்லாமல், பெரிய வைரத்துக்கு மட்டும் மனிதர்களைப்போல ஒரு பெயர் இருந்து வருகிறது. அன்று முதல்தான் அந்தக் கற்கள் எந்த வீட்டிலும் நிலைப்பதில்லை. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், பெற்றவள்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகின்றன.