இரண்டு தட்டு

தைப்பிங்கில் மழை பெய்தால் யாரும் பேச மாட்டார்கள். பெய்யாவிட்டால்தான் பேச்சு. மழைக்காலத்தில் அந்தக் கடைவீட்டு மாடியின் பலகைத் தரை ஊறிப்போய், யார் எங்கே கால் வைத்தாலும் முனகும். கண்ணை மூடிக்கொண்டே கூடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

கீழே கோப்பிக்கடை. மேலே பவளமணி மாஸ்டரின் தாய்ச்சி வகுப்பு, மெதுவாக ஆடும் சீனத் தற்காப்புக் கலை. நானும் அங்கே பழகுகிறேன். மாஸ்டருக்கு முப்பது வயசு தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். நடையைப் பார்த்தால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி தெரியும். அவளை ஒருமுறை தள்ளிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

அங்கே தள்ளுகை என்று ஒரு பயிற்சி உண்டு. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்பார்கள். ஒருவர் தள்ளினால் மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒட்டிய கையைச் சும்மா எடுத்துவிடக் கூடாது. போதும் என்றால் மற்றவர் கைமேல் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டு விழுந்த அந்த நொடியே விட்டுவிட வேண்டும். கூடத்தின் சட்டம் இவ்வளவுதான்.

நாகேந்திரன் ஒரு காலைப்பொழுதில் நனைந்துகொண்டே மாடி ஏறி வந்தான். நாற்பதைத் தொட்டவன், கம்பிக் கூண்டுக்குள் மோதும் கூண்டுச் சண்டைக்காரன். அங்கேயும் தட்டினால் விட வேண்டும். அவன் பின்னாலிருந்து முழங்கையால் வளைத்துக் கழுத்துப்பூட்டு போட்டால் தப்பிய ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் பேர்.

"பசியாறிட்டீங்களாண்ணே?" என்றாள் மாஸ்டர்.

"ஆச்சு மாஸ்டர். ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"இந்த மெதுவான ஆட்டத்த வச்சு கூண்டுக்குள்ள ஒருத்தன அமுக்க முடியுமா?"

"எதுக்கு அமுக்கணும்?"

"நல்லா கேட்டீங்க! ஜெயிக்கத்தான்."

மறைக்காமல் சொன்னான். உடம்பில் பழைய பலம் இல்லை. சின்னப் பையன்கள் பூட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு போகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் கோலாலம்பூரில் ஒரு சண்டை. அதில் ஜெயித்தால் அங்கேயே பயிற்சியாளராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தோற்றால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். சண்டையைத் தவிர அவனுக்கு வேறு ஒரு தொழிலும் தெரியாது.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டினாள்.

"பூட்டுங்க."

"மாஸ்டர், வேணாம். விளையாட்டு இல்ல இது."

"பூட்டுங்கண்ணே."

பூட்டினான். அவள் திமிறவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கூப்பிட்டது போல முகத்தை லேசாகத் திருப்பினாள், அவ்வளவுதான். நாகேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியது தன் கையையேதான் என்று அவனுக்குத் தெரிந்தபோது, மாஸ்டர் எழுந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"என்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நீங்கதான் இறுக்கிக்கிட்டே இருந்தீங்க. உள்ள ஆளு இருக்கா இல்லையான்னு பாக்கல."

அவனுக்கு ரோஷமாக இருந்தது. இருந்தாலும் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினான். பாதிப் படியில் மாஸ்டரின் குரல் வந்தது.

"மோசஸ் தட்டினாரா?"

மோசஸ் அவனோடு கூடச் சண்டை பழகியவன். போன வருஷம் ஒரு மத்தியானம் இருவரும் தனியாகப் பழகும்போது நாகேந்திரனின் பூட்டில் மயங்கினான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். போலீஸ் வந்தது, விசாரித்தது, விபத்து என்று முடித்தது. ஊர் முழுக்கத் தெரிந்த கதைதான். ஆனால் அவன் முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை.

"தட்டல," என்றான் நாகேந்திரன், திரும்பாமலே. "தட்டியிருந்தா விட்டிருக்க மாட்டனா?"

"சரி. நாளைக்கு வரும்போது கொஞ்சம் முட்டை வாங்கிட்டு வாங்க."

முட்டையை முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு பூட்டுப் போட வேண்டும். விழவும் கூடாது, உடையவும் கூடாது. முதல் வாரம் முழுக்க மஞ்சள் கரு முழங்கையிலிருந்து சொட்டியது. கோப்பிக்கடை ஆ லெங், அண்ணனுக்கு இனி அரைவேக்காடு போட வேண்டாம், மேலேயே தயாராகிறது என்று கேலி பண்ணினான். நாகேந்திரன் திட்டினான், ஆனால் விடவில்லை. அப்புறம் ஒரு நாள் முட்டை உடையவில்லை. அதற்கடுத்த நாளும் உடையவில்லை. ஓட்டுக்குள்ளே கரு அசைவதுகூடத் தெரிகிறது என்றான்.

"தெரியுதா?"

"தெரியுது மாஸ்டர். தோலே கேக்குது."

"நல்லது. இனி கண்ணக் கட்டிக்கலாம்."

அன்று நல்ல மழை. தகரக் கூரைமேல் கொட்டிய கொட்டில் பேசினாலும் கேட்காது. மாஸ்டர் ஒரு துணியால் அவன் கண்ணைக் கட்டினாள். மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியது. தள்ளினான், எதிரே விட்டுக்கொடுத்தது. எதிரே தள்ளியது, இவன் விட்டுக்கொடுத்தான். நேரம் போனதே தெரியவில்லை. இத்தனை சுகமாக அவன் யாரோடும் பழகியதில்லை. எதிரே நின்ற கைக்கு இவன் அடுத்து என்ன செய்வான் என்பது முன்னமே தெரிந்திருந்தது. இவனுக்கும் அந்தக் கை தெரிந்திருந்தது.

மழை சற்று ஓய்ந்தது. அப்போது கீழே கோப்பிக்கடையில் மாஸ்டரின் குரல் கேட்டது.

"ஆ லெங், ரெண்டு தேத்தண்ணி. ஒண்ணுல சீனி கம்மி."

நாகேந்திரனின் கைமேல் கை அப்படியே ஒட்டியிருந்தது.

எதிரே பலகை முனகியது. யாரோ ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றினார்கள். அந்தக் கை ஈரமாக இல்லை, குளிர்ந்து இருந்தது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் சொரசொரவென்று உரசியது. பிளாஸ்திரி. மோசஸுக்கு ஒருமுறை சுண்டுவிரல் ஒடிந்தது. அதிலிருந்து பிளாஸ்திரி சுற்றாமல் அவன் பழக வந்ததே இல்லை.

துணியை அவிழ்க்க ஒரு கை சும்மாத்தான் இருந்தது. அவிழ்க்கத் துணிச்சல் வரவில்லை. பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அந்த மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினான்.

அவன் வலது முன்னங்கைமேல் இரண்டு தட்டு விழுந்தது. மெதுவாக, மரியாதையாக.

விட்டுவிட்டான்.

படியில் காலடிச் சத்தம். மாஸ்டர் தேத்தண்ணி டம்ளர்களோடு வந்தாள், கோப்பிக்கடையில் இருந்த நானும் பின்னாலேயே வந்தேன். அவன் துணியை இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒண்டி நின்றான். அவனுக்கு எதிரே யாரும் இல்லை.

"மாஸ்டர், உங்க கையக் காட்டுங்க."

டம்ளர்களை வைத்துவிட்டுக் காட்டினாள். விரலில் ஒன்றும் இல்லை.

"நீங்க எப்பக் கீழ போனீங்க?"

"கண்ணக் கட்டிவிட்டு கொஞ்ச நேரத்துல. ஏன்?"

"யாரோ... எனக்கு எதிர யாரோ நின்னாங்க."

"தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"விட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"அப்பச் சரிதான். தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அவன் குடிக்கவில்லை. மாஸ்டர் தன் பங்கை மெதுவாகக் குடித்தாள். அவன் கீழே போனபிறகு, சீனி கம்மியான டம்ளரை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது.

அதற்கப்புறமும் நாகேந்திரன் வந்தான். பயந்துகொண்டே வந்தான், ஆனாலும் வந்தான். ஏனென்றால் பூட்டு அவனுக்குத் திரும்பி வந்துவிட்டது. அவன் சண்டை பழகும் இடத்தில் சின்னப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். வழுக்கப் போகிறவனின் மூச்சு முதலிலேயே அவன் கைக்குக் கேட்டது. அவன் இறுக்குவதே இல்லை, எதிராளி போகிற இடத்தில் அவன் கை முன்பே இருந்தது.

ஒரே ஒரு தொல்லை. பூட்டு விழுந்து எதிராளி திணறத் தொடங்கும் நேரத்தில் இரண்டு தட்டு விழும். அதே இடத்தில், வலது முன்னங்கைமேல். சில சமயம் எதிராளி தட்டியது. சில சமயம் எதிராளியின் இரண்டு கையும் கண்ணுக்கு முன்னால் வேறெங்கோ இருக்கும். இரண்டுக்கும் அவன் விட்டுவிடுவான். விடாமல் இருக்க முடியவில்லை.

"இது கூண்டுலயும் வருமா மாஸ்டர்?" என்று போகுமுன் கேட்டான்.

"கூண்டு என்ன, கை உங்களோடதானே வருது."

மழைக்காலம் முடிந்தது. நாகேந்திரன் கோலாலம்பூர் போனான். தோற்றுத் திரும்பினான்.

வந்த அன்று செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியிலேயே உருண்டது.

"என்னைக் கெடுத்துட்டீங்க மாஸ்டர்! நல்லா இருப்பீங்களா நீங்க?"

"உக்காருங்கண்ணே."

"உக்கார மாட்டேன். கழுத்து என் கைக்குள்ள இருந்துச்சு. இன்னும் ஒரு மூச்சு, ஒரே மூச்சு பிடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். தட்டு விழுந்துச்சு. விட்டுட்டேன். நடுவர் என்னையே பாக்கிறாரு, ஏன்டா விட்டேன்னு. அவன் இருமிக்கிட்டே எழுந்தான். அப்புறம் நான் எங்க ஜெயிக்கிறது? மனசே இல்ல. புள்ளிக் கணக்குல ஜெயிச்சிட்டுப் போயிட்டான்."

"அவரு தட்டினாரா?"

"இல்ல! படத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். அவன் தட்டவே இல்ல."

"அவரு ஒண்ணும் சொல்லலியா?"

நாகேந்திரன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே வெயில். பலகைத் தரை காய்ந்து சத்தமில்லாமல் கிடந்தது.

"என்னா சொன்னாரு?"

"உடுப்பு மாத்துற எடத்துக்கு வந்தான். ரூபன்னு பேரு, கிள்ளான் பையன். என் கையப் பிடிச்சிக்கிட்டான். 'அண்ணே, எனக்கு ஒரு கை அடியில மாட்டிக்கிச்சு, இன்னொரு கை உங்க தொடைக்குள்ள. தட்ட முடியல. நடுவர் என் முதுகுப் பக்கம் நின்னாரு. கண்ணு இருட்டிடுச்சு. எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?'ன்னு கேட்டு அழுதான். என்னா சொல்றது அவன்கிட்ட?"

நாகேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய உடம்பு, சத்தம் கேட்டுக் கீழே ஆ லெங் என்னவென்று குரல் கொடுத்தான்.

"எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர். சாப்பிடும்போது தட்டுது. மகள் கையப் பிடிச்சா தட்டுது. ராத்திரி திரும்பிப் படுத்தா தட்டுது. நான் யாரையும் பிடிக்கவே முடியல."

"தட்டினா விடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

அவன் இரண்டு கையையும் கூப்பினான். தன்னைவிடப் பத்து வயசு சின்னவளை அவன் கும்பிடுவதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"மாஸ்டர், இன்னொரு சண்டை கேட்டு வாங்கிடுவேன். காலில விழுந்தாவது வாங்கிடுவேன். கேக்க வச்சது நீங்கதானே? கேக்காம இருக்கவும் ஒரு வழி இருக்கும்ல? கை இறுகியிருக்கணும், தட்டுறது தெரியணும், ஆனா தெரியாத மாதிரி இருக்கணும். அத மட்டும் கத்துக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவனுக்கு எதிரே, யாரும் இல்லாத இடத்தில், காய்ந்த பலகை ஒன்று முனகியது. நாகேந்திரன் தலையைத் தூக்கவில்லை. மாஸ்டர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் கூப்பிய கையை மெதுவாகப் பிரித்துக் கீழே வைத்தாள்.

"அதக் கத்துக்கிட்டுத்தானேண்ணே இந்த மாடிக்கு ஏறி வந்தீங்க?"