டெர்ஜிவர்சேஷன் என்கிற பட்டம்

"பொம்பளைக்கு லத்தீன் எதுக்கு மகாராஜா? சமைக்கவா, தாலாட்டுப் பாடவா?"

திவான் சேஷாசல ராயர் காலையிலிருந்து இதையே நான்காவது முறை சொல்லியாகிவிட்டது. ரெஜினாம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலங்குறிச்சி சமஸ்தானத்துக்கு அவள் வந்தது இளவரசிக்கு இங்கிலீஷும் லத்தீனும் சொல்லித்தர. கூடவே ஊருக்கு ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் கட்டித்தருவதாக ராஜா வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தார், மறந்தார், நினைத்தார், மறுபடி மறந்தார். பொறுக்காமல் கலெக்டர் துரை கடிதம் போட்டார்: பள்ளிக்கூட விஷயத்தில் மகாராஜாவின் 'டெர்ஜிவர்சேஷன்' ஜில்லா முழுக்கத் தெரிந்ததே.

நீளமான இங்கிலீஷ் வார்த்தை என்றால் அது பட்டமாகத்தான் இருக்கும் என்பது திவானின் பாண்டித்யம். "பெருந்தன்மை" என்று பொருள் சொல்லிவிட்டார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. கோட்டை வாசலில் அதைச் செதுக்கக் கல்தச்சன் சாரமேறி உட்கார்ந்தாயிற்று.

"அது வசவு, மகாராஜா," என்றாள் ரெஜினாம்மாள். "புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டட்டுமா?"

"புத்தகமெல்லாம் வேண்டாம். அந்த வார்த்தையை இந்தச் சபையிலேயே என் கண்ணுக்குக் காட்டம்மா. இல்லாவிட்டால் நீயும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது."

வார்த்தையைக் கண்ணுக்குக் காட்டுவதாவது! சபை கெக்கலி கொட்டிச் சிரித்தது.

"சரி. என்ன நடந்தாலும் மகாராஜா மட்டும் எழுந்திருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போனாள் என்றால், பின்பக்கமாக நடந்து போனாள். அந்தச் சபையில் ஏழு தலைமுறையாக ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது. அப்படி நடந்து திவான் இரண்டு தடவை எச்சில் படிக்கத்தில் விழுந்திருக்கிறார்.

வாசலில் கட்டியக்காரன் காதில் ஏதோ ஓதிவிட்டுத் திரும்பி வந்து நின்றாள்.

"கலெக்டர் துரை வருகிறார்! பராக்!" என்று கட்டியக்காரன் முழங்கினான்.

அவ்வளவுதான். மொத்த சபையும் ஒரே வீச்சில் வாசல் பக்கம் திரும்பியது. திவான் முதலில். தலைப்பாகையைச் சரிசெய்து, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு. ராஜாவுக்கு எதிரே வியர்த்து நனைந்த முப்பது முதுகுகள். ரெஜினாம்மாள் ஒருத்தியின் முகம்.

"நன்றாகப் பாருங்கள் மகாராஜா. லத்தீனில் டெர்கும் என்றால் முதுகு. வெர்சாரே என்றால் திருப்புவது. நேற்று உங்கள் பக்கம், இன்றைக்குத் துரை பக்கம், நாளைக்கு எவன் வருகிறானோ அவன் பக்கம். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் திரும்பித் திரும்பி நழுவுகிறவர்களுக்கு இந்த வார்த்தை."

"துரையைக் காணோமே?" என்றார் திவான், இன்னும் வாசலைப் பார்த்து எக்கியபடி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தத் தச்சனை இறங்கச் சொல்லுங்கள்!" கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "வாங்கிக்கொள் அம்மா!"

"மாலை வேண்டாம் மகாராஜா. துரை அந்த வார்த்தையைத் திவானுக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதினார். பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

ராஜா சிம்மாசனத்திலேயே மெல்ல நகர்ந்து, ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.