மூன்று டயரிலும் ஒரே கல்

உடுமலைக்குத் தெற்கே, மலை ஏறும் சைக்கிள்காரர்களுக்கு ஒரு குரு இருந்தார். பெயர் சாந்தாமணி. வயது முப்பத்தெட்டு. பிழைப்புக்கு டயர் கடை. பழைய டயரைப் பார்க்காமல் யாருக்கும் புது டயர் கொடுக்க மாட்டார். அது அவர் வழக்கம்.

ஆறுக்குட்டி அவருடைய சீடர். குருவைவிட இருபத்தாறு வயது மூத்த சீடர். பஞ்சு மில்லில் உழைத்து ஓய்ந்து, இப்போது கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். படிப்பு எட்டோடு நின்றுவிட்டது. ஆனால் யார், எந்தத் தேதியில், அவரை எப்படி மதிக்காமல் போனார்கள் என்று கேட்டால் தாள் பார்க்காமல் சொல்லுவார்.

வருஷத்துக்கு ஒரு முறை சாந்தாமணி பந்தயம் நடத்துவார். அடிவாரத்திலிருந்து வனத்துறைச் சாவடி வரை பதினொரு கிலோமீட்டர் ஏற்றம். சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது. வீட்டு வாசலிலிருந்து மிதித்துத்தான் வர வேண்டும். வீட்டில் மாட்டிய டயரோடுதான் மலை ஏற வேண்டும். அறுபத்தைந்து முடிந்தவர்களுக்கு அனுமதி இல்லை.

மூன்று வருஷம் ஆறுக்குட்டி ஓட்டினார். மூன்று வருஷமும் பாதி ஏற்றத்தில் காற்று இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். வருகிற ஆவணியில் அவருக்கு அறுபத்தைந்து முடிகிறது. இந்த முறை சாவடியைத் தொடாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

பந்தயத்துக்கு நாலு நாள் இருந்தது. காலையில் மூன்று டயர்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பேங்க்கில் வேலை பார்க்கும் தனசேகர் அங்கே காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு சீடர்.

"என்னங்ணா, இப்பவே மாலை போட்டுட்டு வர்றீங்க? ஜெயிச்ச பொறவுதானுங்க போடுவாங்க."

ஆறுக்குட்டி அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

"அம்மணி," என்றார் குருவிடம். "இது டூட்டிக்குப் போற கெட்டி டயரு. இது பழக்கத்துக்கு ஓட்டற நடுத்தரம். இது பந்தயத்துக்குன்னு வாங்கின சன்னம். வருஷா வருஷம் எந்த டயரு நல்லதுன்னு கேட்டேன், நீங்களும் குடுத்தீங்க. இன்னைக்கு வேற கேள்வி. எனக்கு மட்டும் எதுக்குங்க பஞ்சராகுது?"

சாந்தாமணி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷமா இதைக் கேப்பீங்கன்னு பாத்துட்டு இருந்தனுங்ணா."

"கேட்டுத்தான் தெரியணுமா? எனக்கே தெரியும். அந்த ஆளு ரோட்டுல ஆணி போட்டிருக்கான்."

"எந்த ஆளுங்க?"

"நாச்சிமுத்து."

குரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எவர்சில்வர் தட்டு ஒன்றைத் துடைத்து முன்னால் வைத்தார். சன்னமான டயரை மடிமேல் போட்டு, கோணி ஊசியால் அதன் ரப்பரிலிருந்த கீறல் ஒன்றை விரித்தார். உள்ளிருந்து எள்ளளவு கல் ஒன்று தட்டில் விழுந்து 'டிங்' என்றது. சிவப்புக் கல்.

"ஆணி ஏறினா ஓட்டை வட்டமா இருக்குங்ணா. இது கல்லு. ஏறின அன்னைக்கு ஒண்ணும் பண்ணாது. மிதிக்க மிதிக்க உள்ள போயி, மலையில பாரம் விழும்போது ட்யூப்பைத் தொடும். பந்தயத்துக்கு முன்னாடி எத்தனை நாள் இதுல ஓட்டினீங்க?"

"பழகட்டுமேன்னு ஒரு வாரம்."

நடுத்தர டயரை எடுத்தார். ஊசி போன இடத்தில் எல்லாம் கல். 'டிங்', 'டிங்' என்று விழுந்துகொண்டே இருந்தது. கெட்டி டயரை எடுத்தார். அதிலும் கல், ஆனால் மேல்தோலோடு நின்றிருந்தது. மூன்று டயரும் மூன்று வேலைக்கு. கல் மட்டும் ஒரே நிறம்.

தனசேகர் பம்ப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார்.

சாந்தாமணி ஊசி முனையால் கற்களைத் தள்ளித் தள்ளிப் பிரித்தார்.

"இது வாய்க்கால் மேட்டுக் கல்லு. கூரா இருக்கறது மதகுக்கிட்ட கிடக்கறது, போன வருஷம் கொட்டினாங்க. இந்த உருண்டை, புளியந்தோப்பு தாண்டி ஒரு பள்ளம் வருமே, அங்க." டயரின் இடது ஓரத்தைத் தடவினார். "இந்தப் பக்கம் மட்டும் தேஞ்சிருக்குது. ஒரே இடத்துல தெனமும் வெடுக்குனு இடது பக்கம் திருப்பறீங்க. ரேஷன் கடை முக்குங்களா?"

ஆறுக்குட்டிக்குக் கை மயிர் சிலிர்த்தது. அந்த வழியை அவர் யாருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்காரிக்கே தெரியாது. இந்த அம்மணி அந்த வாய்க்கால் மேட்டில் அவரோடு கூடவே வந்தவள்போலச் சொல்கிறாள். மதகு, பள்ளம், முக்கு எல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டில் கிடந்தன. கும்பிட வேண்டும்போல இருந்தது. ஓடிவிட வேண்டும்போலவும் இருந்தது.

"உங்க வீட்டுலருந்து ஊர் தாண்டத் தார் ரோட்டுல ரெண்டு கிலோமீட்டரு. மேட்டுல சுத்தினா நாலரை," என்றார் குரு.

"மேட்டுல பஸ்ஸு லாரி தொந்தரவு இல்லீங்க."

"சரிங்ணா."

இன்னொரு கல் விழுந்தது.

"காத்தும் நல்லா இருக்கும்."

"சரிங்ணா."

இன்னொன்று விழுந்தது. ஆறுக்குட்டிக்குத் தாங்கவில்லை.

"அந்த நாச்சிமுத்து எம் மகள் கல்யாணத்துக்கு வந்தான் அம்மணி. மொதப் பந்தியில உக்காந்து சாப்பிட்டான். ரெண்டாவது தடவை ரசம் வாங்கினான். மேடை ஏறாம, ஒரு வார்த்தை சொல்லாம, கையைக் கழுவிட்டுப் போயிட்டான். மில்லுல என்கூட ஒரே மெஷின்ல இருபது வருஷம் நின்னவன். பத்தொம்பது வருஷம் ஆச்சு. அந்தத் தார் ரோட்டுல, அவன் வாசல் வழியா நான் போக மாட்டேன்."

"நான் போகச் சொல்லலீங்களே. டயரைப் பத்தித்தான பேசிட்டு இருக்கறோம்."

"அப்ப கெட்டி டயரையே போட்டுட்டு ஏறறேன். அதுல கல்லு உள்ள போகலையே."

"ஏறலாங்ணா. அந்த எடையோட உங்க காலு எட்டாவது கிலோமீட்டர் வரைக்கும் போகும். மூணு மிச்சம் இருக்கும்."

"நடுத்தரம்?"

"போன வருஷம் அதானுங்களே போட்டீங்க."

"ஏனுங்க அம்மணி," என்றார் ஆறுக்குட்டி. குரல் இறங்கிவிட்டது. "மலையும் ஏறணும், வாய்க்கால் மேட்டையும் தாங்கணும். அப்படி ஒரு டயரு இந்த உலகத்துல எவனுமே செய்யலீங்களா?"

"எல்லாக் கம்பெனி டயரும் பாத்துட்டனுங்ணா. இல்லை."

தனசேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரு அவரைப் பார்த்தார். அவர் மூடிக்கொண்டார்.

ஆறுக்குட்டி தட்டைக் கையில் எடுத்தார். மூன்று டயர்களின் கல்லும் ஒரு கைப்பிடிகூட இல்லை. லேசாக ஆட்டினார். கற்கள் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்தன. மறுபக்கம் ஆட்டினார். அங்கே ஓடின. ரொம்ப நேரம் அப்படியே ஆட்டிக்கொண்டிருந்தார். வெளியே மலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. சாவடிகூடத் தெரிகிறது என்று தோன்றியது. அது தெரியாது, அவ்வளவு தூரம்.

தட்டைக் கீழே வைத்தார்.

"சன்னமே போடுங்க."

சாந்தாமணி புது டயரைப் பிரித்தார். ரப்பர் வாசனை கடை முழுக்கப் பரவியது. சக்கரத்தில் போட்டு, இரண்டு கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தி உட்கார வைத்தார். காற்று அடித்தார்.

"கல்லு மாதிரி அடிங்க அம்மணி."

"வேண்டாங்ணா. கொஞ்சம் இளக்கமா இருந்தாத்தான் குதிக்காது."

சைக்கிளை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தார். ஆறுக்குட்டி அதை வாசல்வரை உருட்டிக்கொண்டு போய் நின்றார். ஏறவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் பாத்து ஓட்டணுங்களா?"

"ஒண்ணே ஒண்ணுங்ணா," என்றார் குரு. "நாச்சிமுத்து அண்ணன் வீட்டு வாசல்ல வேகத்தடை போட்டிருக்காங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த இடத்துல மட்டும் மெதுவாப் போங்க."